மூன்றாம் மாடிக்குப் போனவள்

பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் உள்ளே போகும்போது கைப்பையையும் புத்தகத்தையும் அப்படியே வைத்துவிட்டு, "கொஞ்சம் பாத்துக்கங்க சார், ரூட் கெனாலாம், எவ்வளவு நேரம் ஆகுமோ" என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்று தலையை ஆட்டினேன். ஆட்டியதும் இடது கடைவாய்ப் பல் சுள்ளென்று காதுவரை இழுத்தது. வலிக்குத் தனியாக ஒரு நேரம் இருக்கிறதோ என்னவோ, ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் அடித்தது இந்தத் தில்லைநகர் கிளினிக்கின் படியேறியதும் சாதுவாகிவிட்டது, வந்திருக்கவே வேண்டாமோ என்று தோன்றுமளவுக்கு. கிராம்புத் தைல வாசனை, ஏ.சி.யின் முனகல், சத்தம் இல்லாமல் வாயசைக்கும் டி.வி. எதிரே சுவரில் பற்கள் வரிசையாகச் சிரிக்கும் ஒரு பெரிய படம், யாருடைய வாய் என்று தெரியாத வாய். அதற்குக் கீழே ஒரு வாசகம் எழுதியிருந்தார்கள், உங்கள் புன்னகையே எங்கள் பொறுப்பு, இதை எழுதியவன் யார் என்று யோசித்தேன், என்னைப் போல ஒருவன்தான், ஃப்ளெக்ஸ் கடையில் கணினிக்குப் பின்னால் உட்கார்ந்து, டீ ஆறுவதற்குள் யோசித்துச் சொன்னதாக இருக்கும். நான் அந்த வேலையில்தான் இருக்கிறேன். கண்ணீர் அஞ்சலி, பூப்பு நன்னீராட்டு, கடை திறப்பு. திருச்சியில் என்னை அதிகம் பேர் படிப்பது சுடுகாட்டுக்குப் போகிற வழியில்தான் என்று மனைவி ரெஜினாவிடம் ஒருமுறை சொன்னேன், அவள் சிரிக்கவில்லை. ஒரு சிறுகதைத் தொகுப்பு வந்தது, அதன் பிரதிகள் எங்கள் கட்டிலுக்கடியில் இருக்கின்றன, பெருக்கும்போதெல்லாம் அவள் அந்தப் புத்தகக் கட்டை நகர்த்திப் பெருக்கிவிட்டு மறுபடி உள்ளே தள்ளுகிறாள். அடுத்தவர் புத்தகத்தைப் பார்த்தால் எனக்கு உடம்பில் எங்கோ ஒரு இடம் சுருங்கும், அதனால் அந்த அம்மாளின் புத்தகத்தை நான் பார்க்காமல்தான் இருந்தேன். ஆனால் அட்டையில் ஒரு லிஃப்ட் இருந்தது. பாதி மூடிய கதவு. கதவுக்கு நடுவே ஒரு கைப்பையின் வார் மாட்டிக்கொண்டு தொங்கியது.

அவள் இறங்கவில்லை. அதுதான் தலைப்பு. எழுதியவர் ஆருத்ரன். பெரிய எழுத்தில், பரபரப்பூட்டும் மர்ம நாவல், விரைவில் வெப் சீரீஸாக. ஆருத்ரன் என்று யாரையும் எனக்குத் தெரியாது, திருப்பினேன், பின்னட்டையில் கைகளைக் கட்டிக்கொண்டு ஜெயசீலன் நின்றான். முடிக்குச் சாயம், முகத்தில் கொஞ்சம் சதை, ஆனால் அதே ஜெயசீலன், ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிற அதே நிற்பு. மாலைப் பத்திரிகை ஒன்றில் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தோம், அவன் கிரைம், நான் சினிமாவும் ராசிபலனும். பிறகு அவன் சென்னைக்குப் போனான், சீரியலில் வசனம் எழுதுகிறான் என்று கேள்விப்பட்டேன், அப்புறம் ஒன்றும் கேள்விப்படவில்லை. முதல் பக்கத்தைத் திறந்தேன். ஒரு பெரிய ஜவுளிக்கடை, தரைத்தளத்தில் கணவன்மார்களுக்கென்று போட்டிருக்கும் நாற்காலிகளில் ஒன்றில் ராகவ் உட்கார்ந்திருக்கிறான், அவன் காலடியில் கட்டைப் பைகள், மனைவி மிருதுளா மூன்றாம் மாடிக்குப் பட்டு பார்க்கப் போகிறாள், லிஃப்ட் கதவு மூடுகிறது, கைப்பையின் வார் மாட்டிக்கொள்கிறது, கதவு ஒரு கணம் திறந்து மறுபடி மூடுகிறது. அவ்வளவுதான். அதன் பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை. காதில் ஏ.சி.யின் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது, ராகவ் என்று படித்ததை நாக்கு சந்தானம் என்று திருத்தியது, மிருதுளாவை வசுமதி என்று. சந்தானம், வசுமதி. நான் வைத்த பெயர்கள். நான் போட்ட நாற்காலி. நான் மாட்டவைத்த வார்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். ஏதோ ஒன்று கிளம்பியது, கோபம்தான் என்று நினைத்தேன், ஆனால் அது கோபமில்லை, அதை என்னவென்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது, அது ஆவல். ஏனென்றால் இதே கதையை நாவலாக எழுத ஆரம்பித்த நான் அதை முடிக்கவில்லை. கடை சாத்துகிற நேரம்வரை எழுதினேன், பாதி ஷட்டர் இறங்கிவிட்டது, போலீஸ் வந்துவிட்டது, மூன்றாம் மாடியை அலசிவிட்டார்கள், சந்தானம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், அதற்குமேல் ஒரு வரிகூட எனக்கு வரவில்லை. அவள் எங்கே போனாள் என்று எனக்குத் தெரியாது. என் கதாபாத்திரம், நான் பெயர் வைத்து, நான் புடவை உடுத்திவிட்டு, நான் லிஃப்டில் ஏற்றிவிட்ட பெண், எங்கே போனாள் என்று எனக்கே தெரியாமல் இத்தனை வருஷம். அதை எழுதும்போதுதான் ஜெயசீலனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. உறையூரில் அவன் அறை, ஜன்னலில் கட்டிய பச்சைத் துண்டு, கீழாநெல்லி அரைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன், குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு படுத்திருப்பான், கண்ணெல்லாம் மஞ்சள், படிக்கக் கூடாது, வெளியே போகக் கூடாது, "போரடிக்குதுடா ராஜு, எதையாவது சொல்லேன்" என்றான். சொன்னேன். தினமும் போய் ஒரு அத்தியாயம். எழுதியதைப் பார்த்துப் படிக்கவில்லை, வாயால்தான் சொன்னேன், சொல்லும்போது இன்னும் நன்றாக வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்பான், தூங்கிவிட்டான் என்று நிறுத்தினால், "ம், மேல" என்பான். உப்பில்லாத கஞ்சியின் வாசனையோடு அந்தக் கதை எனக்குள் இன்னும் இருக்கிறது. கடைசி நாள் ஷட்டர்வரை வந்து நிறுத்தினேன். "மேல" என்றான். "தெரியலடா" என்றேன். எழுந்து உட்கார்ந்துவிட்டான், காமாலைக் கண்ணால் என்னையே பார்த்தான், "தெரியலன்னா? நீதானே எழுதுற?" என்றான், ஏமாற்றப்பட்டவன் மாதிரி. பிறகு எத்தனையோ விதமாக முயன்று பார்த்தேன், கடத்தினேன், காதலனை வரவழைத்தேன், கிடங்கில் பூட்டிப்பார்த்தேன், ஒவ்வொன்றும் எழுதி முடித்ததும் பொய்யாகிவிடும். கடைசியில் விட்டுவிட்டேன். இப்போது அவன் முடித்திருக்கிறான். இந்தத் தாள்களுக்குள்ளே எங்கோ வசுமதி இருக்கிறாள்.

கடைசிப் பக்கத்தை நேராகத் திருப்பியிருக்கலாம். கை போனது. ஆனால் அப்படிச் செய்வது அவளுக்குச் செய்கிற அவமரியாதையாகப் பட்டது, வழியெல்லாம் நடந்துதான் போகவேண்டும் என்று தோன்றியது, அதேசமயம் உள்ளே டிரில் நின்றுவிட்டதோ என்று காது கதவிலேயே இருந்தது, அந்த அம்மாள் வெளியே வந்தால் புத்தகம் போய்விடும். பக்கங்களை மேய்ந்தேன். விற்பனைப் பெண்கள் கவுண்டருக்குப் பின்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தேய்த்துக்கொள்வது, என்னுடையது. கணவன் தண்ணீர் பாட்டிலின் காகிதத்தை நகத்தால் உரித்துக்கொண்டே இருப்பது, என்னுடையது. மைக்கில் அவள் பெயரைக் கூப்பிடும்போது அதே பெயருள்ள ஒரு சிறுமி ஓடிவந்து நிற்பது, அட, இது என்னுடையது இல்லை. இது நன்றாக இருக்கிறது. நன்றாக இருக்கிறதே என்று நினைத்தபோது பல்லை விட வேறெங்கோ வலித்தது. அவன் வெறுமனே எடுக்கவில்லை, உள்ளே வந்து உட்கார்ந்து வேலையும் பார்த்திருக்கிறான். இன்ஸ்பெக்டர் ஒருவரைக் கொண்டுவந்திருந்தான், அவர் பேச்சு சினிமாத்தனமாக இருந்தது, அதில் ஒரு ஆறுதல். ஃபோன் அடித்தது, ரெஜினா. "கூப்பிட்டாங்களா?" "இன்னும் இல்ல." "பல்லைப் பிடுங்குவாங்களா? ஸ்கூல்ல சொல்லிட்டு நான் வரவா?" "நீ எதுக்கு? நான் பாத்துக்கறேன்." "தனியா உக்காந்திருப்பீங்களேன்னு கேட்டேன்." "படிச்சிட்டிருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன், விரலை எந்தப் பக்கத்தில் வைத்திருந்தேன் என்று ஒரு கணம் பதறி, கண்டுபிடித்து, மறுபடி உள்ளே போனேன். மூன்றாம் மாடி. பட்டுப் பிரிவு. கேமரா வேலை செய்யவில்லை. துணி அளக்கும் மாஸ்டர் எதையோ மறைக்கிறார். சிரிப்பாக இருந்தது, என் கதையின் மர்மத்தில் நானே மாட்டிக்கொண்டு நகத்தைக் கடிக்கிறேன், கடிக்க முடியவில்லை, பல்.

கடைசி அத்தியாயத்தில் ராகவ்தான் செய்திருந்தான். இன்சூரன்ஸ். கடை மேலாளர் கூட்டு, பட்டுப் பெட்டிக்குள் வைத்துச் சரக்கு லிஃப்டில் இறக்கி, டெம்போவில் ஏற்றி, காவிரிப் பாலத்தைத் தாண்டுகிறார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு பக்கம் முழுக்க விளக்குகிறார். முற்றும். நான் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை. அவள் இல்லை இது. பெட்டிக்குள் இருப்பது யாரோ. வசுமதியைப் பெட்டிக்குள் வைக்க முடியாது, அவள் அப்படிப்பட்டவள் இல்லை, பெட்டியில் வைக்கிற அளவுக்கு அவள்மேல் சந்தானத்துக்கு அக்கறைகூடக் கிடையாது, என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது, சொன்னதும் அந்த வாக்கியம் என்னை எங்கோ இடறியது, எதில் இடறினேன் என்று திரும்பிப் பார்ப்பதற்குள் கதவு திறந்துவிட்டது. அந்த அம்மாள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வந்தாள். பாதி வாய் மரத்துப்போயிருந்தது. "எடுத்துப் பாத்தீங்களா? நல்லாருக்குல்ல?" என்றாள் குழறலாக. "முழுசா முடிச்சிட்டீங்களா?" என்று நான் கேட்டேன். "இன்னும் கொஞ்சம் இருக்கு. புருஷன் மேலதான் எனக்குச் சந்தேகம். சொல்லிடாதீங்க சார்." சொல்லவில்லை. "எப்படித்தான் யோசிக்கிறாரோ இந்த மனுஷன். நாமளும்தான் ஜவுளிக்கடைக்குப் போறோம், நமக்குத் தோணுதா?" என்று புத்தகத்தைப் பைக்குள் போட்டாள். என் வாயில் ஒரு வார்த்தை வந்தது. அது நான்தாங்க. அதைச் சொன்னால் இந்த அம்மாள் எப்படிப் பார்ப்பாள் என்று பார்க்க ஆசையாகவும் இருந்தது. பல்வலி வந்த ஒருவன், சட்டையில் ஃப்ளெக்ஸ் மை கறை, அந்த லிஃப்ட்டை நான்தான் மூடினேன் என்கிறான். "உடம்பைப் பாத்துக்கங்க, சூடா எதுவும் சாப்பிடாதீங்க" என்றேன். அவள் போனாள். வசுமதி பையோடு போனாள்.

அவள் அப்படிப்பட்டவள் இல்லை. அவ்வளவு அக்கறைகூடக் கிடையாது. எதில் இடறினேன்? மறுபடி அந்தத் தரைத்தளத்துக்குப் போனேன், ஜெயசீலனுடையதற்கு அல்ல, என்னுடையதற்கு, மெழுகிய தரை, புதுத்துணியின் கஞ்சி வாசனை, சந்தானத்தின் குனிந்த தலை. போலீஸ் மேலே தேடுகிறது, விற்பனைப் பெண்கள் மேலே தேடுகிறார்கள், வாட்ச்மேன் மேலே ஓடுகிறான். எல்லோரும் ஏன் மேலேயே தேடுகிறார்கள்? "சார்." சந்தானம் சொன்னான், மூன்றாம் மாடிக்குப் போனாள் என்று. "சார், இருதயராஜ் சார்." யாரோ என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், வெகு தூரத்தில். வரவேற்பில் இருந்த பெண் எழுந்து வந்து என் முன்னால் நின்றாள். "எத்தனை தடவை சார் கூப்பிடறது? பாத்துக்கிட்டே இருக்கேன், எந்திரிக்கவே மாட்டேங்கறீங்க." அவள் முகத்தையே பார்த்தேன். எந்திரிக்கவே மாட்டேங்கறீங்க. பாத்துக்கிட்டே இருக்கேன். கால் எழுந்தது, நான் எழவில்லை, நான் அங்கே ஜவுளிக்கடையில் நின்றுகொண்டிருந்தேன், வசுமதிக்குப் பக்கத்தில். சந்தானம் எழவே இல்லை. அத்தனை பக்கம் எழுதியும் அவனை நான் ஒருமுறைகூட நாற்காலியைவிட்டு எழுப்பவில்லை. விற்பனைப் பெண்ணை அனுப்புகிறான், வாட்ச்மேனை அனுப்புகிறான், மைக்கில் கூப்பிடச் சொல்கிறான், போலீசை வரவழைக்கிறான், தானாக ஒரு மாடி ஏறவில்லை. பையை யார் பார்த்துக்கொள்வது? நான் எழுதியதுதான், எழுதிய எனக்குத் தெரியவில்லை, கேட்ட ஜெயசீலனுக்கும் தெரியவில்லை.

சாய்வு நாற்காலியில் படுக்கவைத்தார்கள், விளக்கு முகத்துக்கு நேரே வந்தது, டாக்டர் "ஊசி போடறேன், எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்றார். இருந்தது, எனக்கு நேரமில்லை. லிஃப்ட் கதவு மூடும்போது வார் மாட்டிக்கொண்டது ஏன்? சும்மா ஒரு அழகுக்கு என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். கதவு இரண்டாவது முறை திறக்கிறது, அவள் வெளியே பார்க்கிறாள், அவன் அதற்குள் பாட்டில் காகிதத்தை உரிக்க ஆரம்பித்துவிட்டான். அதைப் பார்த்துவிட்டாள். முதல் மாடியிலேயே இறங்கிவிடுகிறாள். படி வழியாகக் கீழே வருகிறாள், சேலை கட்டி நிறுத்தியிருக்கும் பொம்மைகளுக்குப் பின்னால் நிற்கிறாள், விளையாட்டாகத்தான், கொஞ்ச நேரம், தேடி வருகிறாரா பார்ப்போம் என்று. "வாயை நல்லாத் திறங்க." திறந்தேன். அவன் மணியைப் பார்க்கிறான். கொட்டாவி விடுகிறான். அவள் சிரிப்பை அடக்கிக்கொள்கிறாள். பிறகு அடக்கச் சிரிப்பு இல்லை. அவன் ஒரு விற்பனைப் பெண்ணைக் கூப்பிட்டு மேலே அனுப்புகிறான், இப்போது எழுவார் என்று நினைக்கிறாள், எழவில்லை, மைக்கில் தன் பெயரைக் கேட்கிறாள், போய் நின்றுவிடலாம் என்று ஒரு அடி வைக்கிறாள், இன்னும் ஒரு நிமிஷம், அவராக ஒரு படி ஏறட்டும், ஒரு படி போதும். யாரும் தரைத்தளத்தில் தேடவில்லை. ஷட்டர் பாதி இறங்கும்போது விற்பனைப் பெண்கள் செருப்பை மாட்டிக்கொண்டு பக்கவாசல் வழியாகக் கூட்டமாக வெளியேறுகிறார்கள், அவர்களோடு அவளும் வெளியேறுகிறாள். கடத்தல் இல்லை, கொலை இல்லை. ஏதோ உடையும் சத்தம் தாடைக்குள் கேட்டது, டாக்டர் என் பல்லை எடுத்து ஒரு தட்டில் போட்டார். "அவ்வளவுதான் சார், முடிஞ்சுது. கண்ணுல தண்ணி வருதே, வலிக்குதா?" இல்லை என்று கையை ஆட்டினேன். யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது, வாயெல்லாம் பஞ்சு.

படியிறங்கி வெயிலுக்கு வந்ததும்தான் பயம் வந்தது. இதை எழுதினால் என்ன சொல்வார்கள்? 'அவள் இறங்கவில்லை' நாவலைத் திருடிவிட்டான், முடிவை மட்டும் மாற்றியிருக்கிறான் என்பார்கள். வெப் சீரீஸ் வந்துவிட்டால் அந்த லிஃப்ட் ஊருக்கே தெரிந்துவிடும், என் லிஃப்ட்டில் நான் ஏறினால் நான் திருடன். எந்தப் பதிப்பாளரிடம் போய் எந்தக் கஞ்சி வாசனையைச் சாட்சிக்குக் கூப்பிடுவது? ரெஜினாவுக்குத் தெரியும், அவள் என் மனைவி, அவள் சொல்லை யார் எடுப்பார்கள்? ரெஜினா. வரவா என்று கேட்டாள், எதுக்கு என்றேன். எங்கள் வீட்டுத் தரைத்தளத்தில் எந்தப் பொம்மைக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டிருக்கிறாள் என்று நினைத்ததும் பயம் வேறொரு பயமாக மாறியது. ஸ்கூல் விடும் நேரத்துக்குப் போய் வாசலில் நிற்கலாம், இன்றைக்கே. அதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. பத்திரிகையில் கூட இருந்த ஒருவரிடம் கேட்டு ஜெயசீலனின் எண்ணை வாங்கினேன், மரத்த உதட்டோடு நான் பேசியது அவருக்குப் புரிய நேரமானது. அழைத்தேன். "இருதயராஜ் பேசறேன்." "படிச்சிட்டியா?" என்றான். குரல் மாறவே இல்லை. "படிச்சேன்." "நீ கூப்பிடுவேன்னு தெரியும்டா. தினமும் எதிர்பார்த்தேன். நீ எழுத மாட்டேன்னு நினைச்சேன் ராஜு, அவ்வளவு நல்ல கதை வீணாப் போகுதேன்னு... சரி, அது சாக்கு. எடுத்துட்டேன். திட்டு." திட்ட வாய் வரவில்லை, உண்மையாகவே வரவில்லை, பாதி நாக்கு எனக்குச் சொந்தமாக இல்லை. "முடிவு தப்பு" என்றேன். சாலையில் ஒரு பஸ் இரைந்துகொண்டு போனது. பிறகு, "தெரியும்" என்றான் மெதுவாக. "பெட்டில வச்சு மூடும்போதே தெரியும். என்ன பண்றது, பதிப்பாளர் கேக்கறான். உனக்குக் கிடைச்சிருச்சா?" "ம்." "எப்ப?" "இப்பத்தான்." "எங்கடா போனா அவ?"

சொல்ல நாக்கு துடித்தது. அன்றைக்குச் சொல்லாமல் விட்ட கடைசி அத்தியாயம், அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்க, சொன்னால் எவ்வளவு நன்றாக வரும். "அடுத்த பதிப்புல உன் பேரையும் போடச் சொல்றேன். சத்தியமா. சீரீஸ்காரங்களும் முடிவு சப்புன்னு இருக்கு, மாத்துங்கன்னு உயிரை எடுக்கறாங்க. ரெண்டு பேர் பேரும் வரட்டும்டா, சொல்லு." ரெண்டு பேர் பேரும். ஒரு கணம் அந்த அட்டையில் என் பெயரைப் பார்த்தேன், ஆருத்ரன் பக்கத்தில் இருதயராஜ், அந்த அம்மாளின் பையில், ரெஜினாவின் கையில், இனித்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் வசுமதியை மறுபடி அவன் கையில் ஒப்படைத்துவிட்டு நான் நாற்காலி பிடித்து உட்கார வேண்டும். "நான் எழுதப்போறேன்" என்றேன். "எதை?" "என் நாவலை." "டேய், பைத்தியமா? நீ திருடிட்டேன்னு சொல்வாங்கடா!" "சொல்லட்டும். வந்ததும் வாங்கிப் படி." "ராஜு, அவ உசிரோட இருக்காளா? அதை மட்டும் சொல்லு. சத்தியமா எழுத மாட்டேன், எனக்குத் தெரிஞ்சா போதும்" என்றான், அந்தக் குரலில் சீரீஸ் இல்லை, பதிப்பாளர் இல்லை, தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாதவனின் தவிப்பு மட்டும் இருந்தது. வைத்துவிட்டேன். ரெஜினாவின் பள்ளிக்கூடத்தை நோக்கி நடந்தேன். அவன் மறுபடி கூப்பிட்டான், எடுக்கவில்லை, நின்றது, மறுபடி கூப்பிட்டான். சட்டைப்பைக்குள் ஃபோன் நெஞ்சோடு அதிர்ந்துகொண்டே வந்தது. நான் எழுதிய எதற்காகவும் யாரும் இப்படித் தவித்ததில்லை. எனக்குக் கிடைத்த ஒரே வாசகன் அவன்தான், அவன் போய் இப்படிச் செய்துவிட்டானே என்று முதல் முறையாக எனக்குக் கோபம் வந்தது.